மெடிக்கல், நர்சிங், ஃபார்மசி, பிசியோ எல்லாரும் ஒரே டீமா? ஸ்டூடண்ட்ஸ் அடிக்கடி கேக்குற கேள்விகள்

வேற வேற கோர்ஸ் படிக்கிற பசங்களை ஒரே டீமா சேத்து கிராமத்துக்கு வீட்டு விசிட் அனுப்புற வழக்கம் நம்ம ஊர் காலேஜ்கள்ல மெதுவா வந்துக்கிட்டு இருக்கு. நான் பிசியோதெரபி படிச்சவ, இந்த மாதிரி டீம்களோட கூடப் போற டீச்சர். ஒவ்வொரு பேட்ச்லயும் முதல் வாரம் வர்ற கேள்விங்க கிட்டத்தட்ட ஒண்ணேதான், அதனால வாட்ஸ்அப்ல தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா எல்லாத்தையும் இங்கயே போட்டுடறேன். வரிசை முக்கியமில்ல, உங்களுக்கு எது வேணுமோ அதை மட்டும் படிச்சுக்கோங்க.

கேள்வி: இன்டர்ப்ரொஃபஷனல் டீம்னா என்ன? எல்லாரும் ஒரே வேன்ல போனா போதாதா?

போதாது. ஒரே வேன்ல போய் ஒரே வீட்டுக்குள்ள நுழைஞ்சு, மெடிக்கல் தம்பி ஸ்டெத் வச்சுப் பாத்து, நர்சிங் பொண்ணு பிபி எடுத்து, ஃபார்ம்.டி (ஃபார்மசியில டாக்டர் பட்டப் படிப்பு) ஸ்டூடண்ட் மாத்திரை அட்டையை போட்டோ புடிச்சு, அவங்கவங்க லாக்புக்ல அவங்கவங்க எழுதிட்டுத் திரும்பி வந்தா, அது பக்கத்துப் பக்கத்துல நடந்த மூணு தனி விசிட், அவ்வளவுதான். இங்கிலாந்துல கெய்ப்னு ஒரு அமைப்பு 1987-ல இருந்து இதுக்குன்னே இருக்கு. அவங்க குடுத்த விளக்கத்தைத்தான் உலகம் பூரா எடுத்துக்கறாங்க: ரெண்டு இல்ல அதுக்கு மேல உள்ள துறைக்காரங்க சேர்ந்து கத்துக்கணும், ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் கத்துக்கணும், ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் கத்துக்கணும், அதனால கூட்டு வேலையும் நோயாளிக்குக் கிடைக்கிற கவனிப்பும் நல்லாகணும்.

இந்த மூணுல நம்ம பசங்க கோட்டை விடறது மூணாவதுல. பக்கத்துல உக்காந்திருக்கிற பிசியோ என்ன படிச்சிருக்கா, அவளால என்னென்ன முடியும்னு ஒரு ஃபைனல் இயர் மெடிக்கோகிட்ட கேட்டுப் பாருங்க, "மசாஜ், எக்ஸர்சைஸ்"னு ரெண்டு வார்த்தையில முடிச்சிடுவாங்க. (எனக்கு இது கொஞ்சம் வலிக்கும், அதை விடுங்க.) அதே மாதிரி ஃபார்ம்.டி-ன்னா மெடிக்கல் ஷாப் வைக்கப் போறவங்கன்னு நெனைக்கிறவங்க நெறைய. அது 2008-ல வந்த ஆறு வருஷ கோர்ஸ், கடைசி வருஷம் முழுக்க இன்டர்ன்ஷிப், வார்டு ரவுண்ட்ஸ்ல நிக்கிறதுக்குன்னே தயார் பண்ற படிப்புன்னு சொன்னா ஆச்சரியமாப் பாப்பாங்க.

கேள்வி: இது எங்க ஆரம்பிச்சது? நம்ம ஊர்ல ஏன் இவ்வளவு லேட்?

ஸ்வீடன்ல லின்ஷோபிங் யுனிவர்சிட்டிதான் இதுல பெரிய பேரு. 1986-லயே மெடிக்கல், நர்சிங், பிசியோ எல்லாரையும் ஆரம்பத்துலயே சேத்து உக்கார வச்சுப் பாடம் நடத்தினாங்க, அப்புறம் 1996-ல ஒரு எலும்பு வார்டையே ஸ்டூடண்ட்ஸ் டீம்கிட்ட குடுத்துட்டாங்க. பின்னாடி சூப்பர்வைசருங்க நிப்பாங்க, ஆனா காலையில யாரை எழுப்பணும், யாரை நடக்க வைக்கணும், யாரை டிஸ்சார்ஜ் பண்ணலாம்னு பேசி முடிவுக்கு வர்றது பசங்க. உலக சுகாதார நிறுவனம் 2010-ல இதுக்குன்னு ஒரு வழிகாட்டி போட்டுச்சு.

நம்ம ஊர்ல தடை என்னன்னா எல்லாருக்கும் தனித்தனி வீடு. எம்பிபிஎஸ்க்கு தேசிய மருத்துவ ஆணையம், நர்சிங்க்கு இந்திய நர்சிங் கவுன்சில், ஃபார்மசிக்கு பார்மசி கவுன்சில், பிசியோ மாதிரி துறைங்களுக்கு 2021-ல தான் தனிச் சட்டமே வந்துச்சு. தமிழ்நாட்டுல இதுல பெரும்பாலான கோர்ஸ்க்கு டிகிரி குடுக்கறது ஒரே யுனிவர்சிட்டி, கிண்டியில இருக்கிற எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகம். ஆனா சர்டிபிகேட்ல ஒரே பேரு இருக்கறதைத் தவிர நாலஞ்சு வருஷத்துல ஒருத்தரை ஒருத்தர் கேன்டீன்ல பாக்குறதோட சரி. 2022-ல மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, எம்பிபிஎஸ் பசங்க முதல் வருஷத்துல இருந்தே கிராமத்துல சில குடும்பங்களை எடுத்துத் தொடர்ந்து போய்ப் பாக்கணும்னு. அது எம்பிபிஎஸ்க்கான விதி. ஆனா வேன் கிளம்புது, கிராமம் இருக்கு, குடும்பம் இருக்கு, மத்த கோர்ஸ் பசங்களையும் ஏத்திக்கிட்டா என்னன்னு யோசிக்கிற காலேஜுக்கு அது நல்ல வாசல்.

கேள்வி: டீம்க்கு எம்பிபிஎஸ் ஸ்டூடண்ட் தான லீடர்?

அப்படி யாரும் எழுதி வைக்கல, ஆனா எல்லாரும் அப்படித்தான் நடந்துக்கறாங்க, மெடிக்கோவும் சரி மத்தவங்களும் சரி. நர்சிங் பொண்ணுங்க பின்னாடி போய் நின்னுக்குவாங்க, ஃபார்மசி பசங்க "அவங்களே பேசட்டும்"னு விட்டுடுவாங்க, மெடிக்கல் தம்பியும் வேற வழியில்லாம முன்னாடி போய் நின்னு தெரியாததையும் தெரிஞ்ச மாதிரி பேச ஆரம்பிச்சிடுவான். செகண்ட் இயர் எம்பிபிஎஸ்ல அவனுக்கு என்ன தெரியும் சொல்லுங்க. அதே நேரத்துல தேர்ட் இயர் நர்சிங் பொண்ணு வார்டுல எத்தனையோ புண்ணுக்கு டிரெஸ்ஸிங் பண்ணிட்டு வந்திருப்பா.

கபடியில கேப்டன் ஒருத்தர்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் ரெய்டு போறவர் மாறுவாரு, எதிர்ல யாரு நிக்கறாங்கன்னு பாத்துத்தான் ஆளை அனுப்புவாங்க. டீம்லயும் ஒருங்கிணைக்கிற ஆள் ஒருத்தர் இருக்கட்டும், நேரம், போன், பேப்பர் எல்லாம் அவர் பாத்துக்கட்டும், மாசாமாசம் மாத்திக்கோங்க. ஆனா அன்னிக்கு அந்த வீட்டுல யார் முன்னாடி பேசணும்ங்கிறதை அந்த வீட்டோட அன்னைய பிரச்சினை முடிவு பண்ணட்டும்.

கேள்வி: ரோலை மாத்திக்கறதுன்னு டீச்சர்ஸ் அடிக்கடி சொல்றீங்க, நிஜமா என்ன செய்யணும்? உதாரணத்தோட சொல்லுங்க.

ஒரு வீட்டை கற்பனை பண்ணிக்கலாம், ஆனா இதுல வர்ற ஒவ்வொண்ணும் வட மாவட்டக் கிராமங்கள்ல நடக்குறதுதான். ஐயாவுக்கு அறுபது வயசு, பத்து வருஷமா சுகர், வலது கால் கட்டைவிரலுக்குக் கீழ ஒரு புண்ணு, வலி இல்லைங்கிறதால கண்டுக்கல. வீட்டுல ஒரு கறவை மாடு, பொண்டாட்டி நூறு நாள் வேலைக்குப் போறாங்க, பையன் திருப்பூர்ல.

முதல் விசிட்ல முன்னாடி போக வேண்டியது நர்சிங் ஸ்டூடண்ட். புண்ணைப் பாக்கணும், எவ்வளவு ஆழம், வாடை இருக்கா, சுத்தி சிவந்திருக்கான்னு. அந்த நேரத்துல மெடிக்கல் தம்பியோட வேலை டார்ச் புடிக்கறதுன்னா டார்ச்தான் புடிக்கணும், கூடவே கால் நாடி தொட்டுப் பாத்து சொல்லணும். அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் கிடையாது.

அப்புறம் ஃபார்ம்.டி. மாத்திரை டப்பாவை அப்படியே தரையில கொட்டச் சொல்லுங்க, பாதி கதை அதுலயே வந்துடும். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில குடுத்த மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை ஒரு பக்கம், டவுன் கிளினிக்ல எழுதின கூட்டு மாத்திரை இன்னொரு பக்கம், அந்தக் கூட்டு மாத்திரைக்குள்ளயும் மெட்ஃபார்மின், கூடவே சுகரை இறக்கற கிளிமிபிரைட். ஐயா ரெண்டையும் போட்டுட்டு சாப்பிடாம வயலுக்குப் போறாரு, பதினோரு மணிக்கு சுகர் இறங்கிப் போய் கை நடுங்குது, வேர்க்குது. அவரு அதை வெயில்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. இதைக் கண்டுபிடிக்க மாத்திரை பேருங்களோட பொழங்கின கண்ணு வேணும், மத்தவங்களுக்கு அது வெறும் அட்டை.

அடுத்து பிசியோ. புண்ணு ஏன் அதே இடத்துல வந்துச்சு? நடக்கும்போது வெயிட் எங்க விழுது? செருப்பு தேஞ்சு ஒரு பக்கம் சாஞ்சிருக்கா? மோனோஃபிலமென்ட்னு ஒரு நைலான் இழையை வச்சு பாதத்துல உணர்ச்சி இருக்கான்னு பாக்கணும், எம்சிஆர் செருப்பு (சுகர் காலுக்கான மெத்து ரப்பர் செருப்பு) எங்க கிடைக்கும்னு சொல்லணும். சோஷியல் ஒர்க் ஸ்டூடண்ட் இருந்தா காப்பீட்டு அட்டை இருக்கா, ரேஷன் கார்டுல பேரு சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க.

இதுவரைக்கும் ஓகே, அவங்கவங்க வேலையை அவங்கவங்க செஞ்சாங்க. ரோல் மாறுறது அடுத்த விசிட்ல. போய்ப் பாத்தா ஐயாவுக்குக் காய்ச்சல், சிவப்பு பாதம் முழுக்க ஏறிடுச்சு, வாடை வருது. இப்ப டிரெஸ்ஸிங், செருப்பு, மாத்திரை அட்டை எல்லாம் பின்னாடி போகணும். மெடிக்கல் ஸ்டூடண்ட் சூப்பர்வைசருக்கு போன் போட்டு விவரம் சொல்லணும், நர்சிங் டெம்பரேச்சர், பல்ஸ், பிபி எடுத்து நம்பரை அவன் காதுல போட்டுக்கிட்டே இருக்கணும், ஃபார்ம்.டி காலையில என்ன மாத்திரை போட்டாருன்னு எழுதி ரெஃபரல் பேப்பரோட பின் பண்ணணும், சுகர் இறங்கியிருக்கான்னு க்ளூக்கோமீட்டர்ல குத்திப் பாக்கணும். நான் பிசியோ, எனக்கு இப்ப ஒரு வேலையும் இல்லைன்னு ஒதுங்கக் கூடாது, 108 வந்து நிக்கிற இடம் வரைக்கும் அந்தக் காலை ஊனாம ஐயாவை எப்படிக் கொண்டு போறதுன்னு தெரிஞ்சவ அவதான்.

ஆனா ஐயா வர மாட்டேங்கறாரு. ஏன்னா மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது, பாலை யாரு கறக்கறது. இந்த எடத்துல மெடிக்கோ செப்சிஸ் (தொற்று முத்தி உயிருக்கே ஆபத்தாகறது), காலை எடுக்க வேண்டி வரும்னு பயமுறுத்திக்கிட்டே இருந்தா வேலைக்காகாது. டீம்ல மாடு இருக்கிற வீட்டுல இருந்து வந்த ஒரு பல் மருத்துவப் பொண்ணு இருந்தான்னு வைங்க, அவ போய் பக்கத்து வீட்டு அம்மாகிட்ட "அத்தை, நாலு நாளைக்கு நீங்க கறந்துக்கோங்க, பாலும் நீங்களே எடுத்துக்கோங்க"ன்னு பேசி முடிச்சிடுவா. அன்னிக்கு அந்த வீட்டுல லீடர் அவதான். பல்லுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவ யூனிஃபார்ம்ல என்ன எழுதியிருக்குங்கிறதை விட அவளுக்கு என்ன தெரியும்ங்கிறதை டீம் முன்னாடியே தெரிஞ்சு வச்சிருந்தாத்தான் இது நடக்கும். அதனாலதான் முதல் மீட்டிங்ல ஊரு என்ன, வீட்டுல என்ன தொழில், வேற என்ன மொழி தெரியும்னெல்லாம் கேக்கச் சொல்றோம். பசங்க அதை ஐஸ் பிரேக்கர்னு நெனச்சு விளையாட்டா எடுத்துக்கறாங்க.

கேள்வி: அப்ப யாரு வேணா எந்த வேலையும் செய்யலாமா?

கூடாது. டார்ச் புடிக்கலாம், பிபி எடுக்கக் கத்துக்கலாம், சத்து மாவு எப்படிப் பண்றதுன்னு சொல்லலாம், பக்கவாதம் வந்தவங்களைத் தூக்கும்போது சோர்ந்து போன கையைப் புடிச்சு இழுக்கக்கூடாதுன்னு எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கலாம். ஆனா மருந்து எழுதறது, டோஸ் மாத்தறது, நிறுத்தச் சொல்றது எதுவும் ஸ்டூடண்ட்ஸ் கையில கிடையாது, எந்த கோர்ஸா இருந்தாலும். மேல சொன்ன ரெட்டை மெட்ஃபார்மின் கதையிலயும் ஃபார்ம்.டி "இதை நிறுத்திடுங்க"ன்னு அங்கயே சொல்லக்கூடாது, அந்த நிமிஷமே சூப்பர்வைசருக்கு போன் போட்டு, அவங்க பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டர்கிட்ட பேசி, அப்புறம்தான். ஊசி போடறது, புண்ணை வெட்டிச் சுத்தம் பண்றது இதெல்லாம் பதிவு பெற்றவங்க பக்கத்துல நிக்காம தொடவே தொடாதீங்க.

சந்தேகம் வந்தா இப்படி யோசிங்க: இது தப்பாப் போனா யாரு பதில் சொல்லணும்? அந்த ஆளுக்குத் தெரியாம நீங்க செய்யறீங்கன்னா நிறுத்திடுங்க.

கேள்வி: வீட்டுல இருக்கறவங்க "டாக்டர் தம்பி"கிட்ட மட்டும்தான் பேசறாங்க, எங்களைக் கண்டுக்கவே மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?

நடக்கும். அதுவும் தம்பி உயரமா வெள்ளை கோட்டு போட்டிருந்தா கேக்கவே வேணாம். டீம்ல எம்பிபிஎஸ் பொண்ணும் நர்சிங் பையனும் இருந்தா இன்னும் கூத்து, பையனை டாக்டர்னும் பொண்ணை சிஸ்டர்னும் கூப்பிட்டு அவனுக்கு மட்டும் நாற்காலி போடுவாங்க.

இதை மாத்த வேண்டியது டாக்டர் தம்பிதான், மத்தவங்க இல்ல. கேள்வி அவன்கிட்ட வந்தா அவன் திரும்பி "சுமதி, இதை நீங்க சொல்லுங்க, பாட்டி, மாத்திரை விஷயம் இவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்"னு ஒரு வரி சொன்னாப் போதும், ரெண்டாவது விசிட்ல பாட்டியே சுமதியைத் தேட ஆரம்பிச்சிடுவாங்க. உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் பேரும் வேலையும் சொல்லுங்க. இது மரியாதைக்காக மட்டும் சொல்லல. உலக சுகாதார நிறுவனம் 2008-ல வெளியிட்ட ஆபரேஷன் தியேட்டர் செக்லிஸ்ட்ல, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி தியேட்டர்ல இருக்கிற எல்லாரும் பேரையும் வேலையையும் சொல்லிக்கணும்னு ஒரு வரி இருக்கு. பேரு சொல்லி வாயைத் தொறந்தவங்க அப்புறம் ஏதாவது தப்பாப் பட்டா சொல்றதுக்குத் தயங்க மாட்டாங்கங்கிற யோசனைதான் அதுக்குப் பின்னாடி.

கேள்வி: டீம்ல ஒருத்தர் தப்பா சொல்றாருன்னு தோணுது, ஆனா அவரு சீனியர், அதுவும் வேற கோர்ஸ். நோயாளி முன்னாடி எப்படிச் சொல்றது?

ஆபத்து இல்லாத தப்புன்னா வெளிய வந்து சொல்லுங்க. ஆபத்துன்னா அங்கயே சொல்லுங்க, சீனியர் மூஞ்சி சுருங்கினா சுருங்கட்டும்.

எப்படின்னு தெரியலைன்னா அமெரிக்காவுல 2006-ல வந்த டீம்ஸ்டெப்ஸ்ங்கிற பயிற்சியில ஒரு படிக்கட்டு இருக்கு. முதல்ல "எனக்குக் கவலையா இருக்கு", கேக்கலைன்னா "எனக்கு இது சங்கடமா இருக்கு", அதுக்கும் கேக்கலைன்னா "இது நோயாளிக்கு ஆபத்து, கொஞ்சம் நிறுத்துங்க". அதே பயிற்சியில இன்னொரு விதியும் இருக்கு, ஒரு கவலையை ரெண்டு தடவை சொல்லியும் கேக்கலைன்னா நேரா மேல இருக்கறவங்ககிட்ட போயிடணும். நம்ம ஊர்ல அந்த முதல் படியே பெரிய மலை. அதனால எங்க டீம்கள்ல ஒரு வாக்கியத்தைப் பொதுவா வச்சுக்கச் சொல்வேன், "அண்ணா, ஒரு தடவை சார்கிட்ட கேட்டுக்கலாமா?" அப்படின்னு. இதை யாரு சொன்னாலும் பேச்சு நிக்கணும், போன் எடுக்கணும், ஏன்னு கேக்கக்கூடாதுன்னு முன்கூட்டியே பேசி வச்சுக்கணும். மரியாதையும் கெடாது, மாத்திரையும் தப்பாப் போகாது.

போன்ல பேசறதுக்கு எஸ்பார் பழகிக்கோங்க. அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை இது: இப்ப என்ன நடக்குது, பின்னணி என்ன, நான் என்ன நெனைக்கிறேன், எனக்கு என்ன வேணும். நம்ம பசங்க முதல் ரெண்டையும் அஞ்சு நிமிஷம் சொல்லிட்டு கடைசி ரெண்டை முழுங்கிடுவாங்க, ஏன்னா "நான் நெனைக்கிறேன்"னு சொல்ல பயம். நர்சிங் பசங்களுக்குத்தான் இது ரொம்ப. நீங்க நெனைக்கிறதைச் சொல்லுங்க, தப்பா இருந்தா அவங்க திருத்துவாங்க, அதுக்குத்தான் சூப்பர்வைசர் சம்பளம் வாங்கறாங்க.

கேள்வி: நான் ஃபர்ஸ்ட் இயர். எனக்கு ஒண்ணுமே தெரியாது. டீம்ல நான் எதுக்கு?

பேச்சு குடுக்க. காது குடுக்க. ஃபைனல் இயர் பசங்க கேள்வி கேக்கும்போது வர்ற பதிலை நோய் பேரா மாத்திக்கிட்டே கேப்பாங்க, உங்களுக்கு அந்த வியாதி இன்னும் வரல. பாட்டி மாத்திரையை ஏன் பாதியா உடைச்சுப் போடறாங்கன்னு (மாசக் கடைசி வரைக்கும் வரணும்னு) உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கற பொறுமை பெரும்பாலும் ஃபர்ஸ்ட் இயருக்குத்தான் இருக்கும். அப்புறம் எழுதற வேலையை நீங்க எடுத்துக்கோங்க, யாரு என்ன சொன்னாங்கன்னு எழுதறவங்களுக்குத்தான் எல்லார் வேலையும் சீக்கிரம் புரியும்.

கேள்வி: ஒருத்தன் வர்றதே இல்ல, வந்தாலும் போன் நோண்டறான். என்ன செய்யலாம்?

முதல்ல அவனுக்குன்னு ஒரு வேலை சொல்லியிருக்கீங்களான்னு பாருங்க. பாதிப் பேரு சோம்பேறித்தனத்தால ஒதுங்கறதில்ல, வேலை என்னன்னு தெரியாம கூச்சத்துல ஒதுங்கறாங்க. பேரு போட்டு ஒரு வேலை குடுங்க, "அடுத்த வாரம் உப்பு எவ்வளவு போடறாங்கன்னு நீதான் பாக்கற"ன்னு. அப்பவும் வரலைன்னா டீச்சர்கிட்ட சொல்லுங்க, அது போட்டுக் குடுக்கறது இல்ல.

இதுக்கு நேர்மாறா எல்லாத்தையும் தானே செய்யற ஒருத்தர் டீம்ல இருப்பாரு, அவரைப் பத்தி யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ண மாட்டாங்க, ஏன்னா எல்லாருக்கும் வசதி. என்னைக் கேட்டா அவருதான் பெரிய தலைவலி. அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தா அந்தக் குடும்பத்தைப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

கேள்வி: மீட்டிங்குக்கு நேரமே ஒத்து வரல.

வராது. நர்சிங் பசங்க காலையில ஏழரைக்கெல்லாம் வார்டுல இருக்கணும், மெடிக்கோக்கு சாயந்திரம் வரைக்கும் போஸ்டிங், பொண்ணுங்க ஹாஸ்டல் கேட்டு சீக்கிரமே மூடிடும், பிசியோ காலேஜ் வேற கேம்பஸ். வேன்ல போகும்போது இருபது நிமிஷம், வரும்போது இருபது நிமிஷம், இதுதான் உங்க மீட்டிங். போகும்போது இன்னிக்கு எந்த வீடு, யாரு முன்னாடி, என்ன பாக்கணும். வரும்போது என்ன பாத்தோம், யாருக்கு என்ன வேலை. இயர்போனைக் கழட்டினாலே பாதி டீம் ஒர்க் முடிஞ்சுது.

வாட்ஸ்அப் குரூப் வேணும்தான், ஆனா நோயாளி முகம் தெரியிற போட்டோ, பேரு, ஆதார், ரிப்போர்ட் எதுவும் அதுல வரக்கூடாது. புண்ணு போட்டோ எடுக்கணும்னா அவங்ககிட்ட கேட்டு, புண்ணு மட்டும் தெரியிற மாதிரி எடுத்து, சூப்பர்வைசருக்கு மட்டும் அனுப்பிட்டு அழிச்சிடுங்க.

கேள்வி: எங்க டீம்ல ஒரே சண்டை. கலைச்சிட்டு வேற டீம் கேக்கலாமா?

எவ்வளவு நாள் ஆச்சு? ரெண்டு மாசத்துக்குள்ளன்னா பொறுங்க. புரூஸ் டக்மன்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் 1965-லயே எழுதி வச்சுட்டாரு, ஒரு குழு சேரும், முட்டிக்கும், அப்புறம் ஒரு நடைமுறைக்கு வரும், அதுக்கப்புறம்தான் வேலை ஓடும்னு. முட்டிக்காத டீமைப் பாத்தா எனக்கு சந்தேகம்தான் வரும், பெரும்பாலும் அங்க ஒருத்தர் மட்டும் பேசிக்கிட்டு இருப்பாரு.

இன்னொண்ணு. ஏமி எட்மண்ட்சன்னு ஹார்வர்டுல இருக்கிற ஆய்வாளர் 1990-கள்ல ஆஸ்பத்திரி நர்ஸ் டீம்களைப் பாத்தாங்க. நல்லா சேர்ந்து வேலை செய்யற டீம்ல மருந்துத் தவறு கம்மியா இருக்கும்னு நெனச்சுப் போனா, அந்த டீம்கள்ல தான் ரிப்போர்ட் ஆன தவறு அதிகமா இருந்துச்சு. அவங்க அதுக்குச் சொன்ன விளக்கம், நல்ல டீம்ல ஆளுங்க பயப்படாம தவறை வெளிய சொல்றாங்க, மத்த இடத்துல மறைக்கறாங்க. அதனால "அவ என்னைத் திருத்தினா"ன்னு சண்டை வந்தா அது நல்ல சண்டை. ஜாதி, ஊரு, இங்கிலீஷ், கோர்ஸ் பேரு, கட் ஆஃப் மார்க் இதெல்லாம் வச்சு மட்டம் தட்டற சண்டைன்னா அது வேற, அதுக்கு ரெண்டு மாசம் எல்லாம் பொறுக்க வேணாம், முதல் நாளே டீச்சர்கிட்ட வாங்க.

கேள்வி: பேசறது தமிழ்லயா இங்கிலீஷ்லயா?

வீட்டுக்குள்ள தமிழ், முழுசா தமிழ். நோயாளி முன்னாடி நீங்க இங்கிலீஷ்ல குசுகுசுன்னு பேசினா அவங்க அதைச் சாவுச் செய்தின்னு நெனச்சுக்குவாங்க. வேற மாநிலப் பசங்க டீம்ல இருந்தா அவங்களுக்கு வேன்ல சொல்லிக்கலாம்.

கேள்வி: வில்லேஜ் ஹெல்த் நர்ஸ், மக்களைத் தேடி மருத்துவம் அக்கா எல்லாம் எங்க டீம்ல சேத்தியா?

நீங்கதான் அவங்க டீம்ல சேத்தி. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்சது. அதுல பெண் தன்னார்வலர் பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்கறாங்க, பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர்றாங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு பாலியேட்டிவ் நர்ஸ் வர்றாங்க. நீங்க காலேஜ்ல கூட்டு வேலைன்னு படிக்கறதை அவங்க ஏற்கனவே தெருவுல செஞ்சுக்கிட்டு இருக்காங்க. அந்த ஊர்ல எந்த வீட்டுல யாரு யாரோட பேசறதில்ல, எந்த மருமக மாத்திரையை ஒளிச்சு வைக்கறா, எல்லாம் அவங்களுக்குத் தெரியும். முதல் விசிட்டுக்கு முன்னாடி போய் அவங்களைப் பாருங்க, "அக்கா, நாங்க எந்த வீட்டுக்கு முதல்ல போகணும்?"னு கேளுங்க. அவங்களை வழிகாட்டற ஆளா மட்டும் நடத்தாதீங்க. அவங்க ஒரு வீட்டைச் சொல்லி "இப்ப போகாதீங்க"ன்னா போகாதீங்க.

கேள்வி: இதெல்லாம் பண்றதால நோயாளிக்கு உண்மையிலேயே பலன் இருக்கா, இல்ல காலேஜுக்கு கிரேடு போட வர்ற நாக் கமிட்டிக்குக் காட்டறதுக்கா?

நல்ல கேள்வி, இதைக் கேக்குற பசங்களை எனக்குப் பிடிக்கும். நேர்மையா சொன்னா ரெண்டு பக்கமும் இருக்கு. நான் சொன்ன அந்தத் தியேட்டர் செக்லிஸ்ட்டை டெல்லி உட்பட உலகத்துல எட்டு நகரத்துல வச்சுப் பாத்தாங்க, 2009-ல வந்த ஆய்வுல சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8 ஆச்சு, சிக்கல்கள் 11-ல இருந்து 7 சதவீதம் ஆச்சு. டீமாப் பேசிக்கிறது அதுல ஒரு பங்குதான், ஆனா பங்கு இருக்கு.

இன்னொரு பக்கம் அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலம் கேம்டன் நகரம். அடிக்கடி ஆஸ்பத்திரியில சேர்ற நோயாளிங்களை நர்ஸ், சோஷியல் ஒர்க்கர் எல்லாரும் டீமா வீட்டுக்கே போய்ப் பாத்து நிலைமையை மாத்தறதா ரொம்பப் பேசப்பட்டுச்சு, அதைப் பாத்து ஸ்டூடண்ட் டீம்களுக்கும் ஹாட்ஸ்பாட்டிங்னு ஒரு ப்ரோகிராம் வந்துச்சு. அப்புறம் 800 பேரை குலுக்கல் முறையில பிரிச்சு ஆய்வு பண்ணினாங்க, 2020-ல ரிசல்ட்: ஆறு மாசத்துல மறுபடி ஆஸ்பத்திரியில சேர்ந்தது, டீம் பாத்தவங்கள்ல 62.3 சதவீதம், பாக்காதவங்கள்ல 61.7. வித்தியாசமே இல்ல. வீடு இல்லாதவருக்கு, குடியில இருந்து வெளிய வர முடியாதவருக்கு, டீம் எவ்வளவு நல்லாப் பேசிக்கிட்டாலும் போய்ச் சேர்றதுக்கு ஒரு சர்வீஸ் இல்லைன்னா எங்க கொண்டு போய் விடறது? அதனால உங்க டீம் அஞ்சு குடும்பத்தோட வாழ்க்கையை மாத்திடும்னு நான் சொல்ல மாட்டேன். பத்து வருஷம் கழிச்சு நீங்க ஒரு ஐசியூல நிக்கும்போது, நர்ஸ் "டாக்டர், இந்த டோஸ் அதிகமா இருக்கே"ன்னு சொன்னா திரும்பிப் பாப்பீங்க, அதுக்காகத்தான் இப்பவே பழக்கறோம்.

கேள்வி: மார்க் எப்படிப் போடுவீங்க?

உங்க துறை அறிவுக்கு மார்க் இதுல இல்ல. ஒரு வீட்டைப் பத்தி உங்க டீம்ல யாரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் பதில் வருதான்னு பாப்பேன். ஃபார்ம்.டி-யைக் கூப்பிட்டு அந்த ஐயாவுக்குச் செருப்பு வாங்கியாச்சான்னு கேப்பேன், மெடிக்கோகிட்ட மாடு எப்படி இருக்குன்னு கேப்பேன். கூடவே நீங்க உங்க டீம்மேட்ஸ்க்கு மார்க் போடுவீங்க, எல்லாருக்கும் பத்துக்குப் பத்துன்னு போட்டா திருப்பி அனுப்பிடுவேன்.

கேள்வி: போஸ்டிங் முடிஞ்சதும் அந்தக் குடும்பத்தை எப்படி விட்டுட்டு வர்றது?

சொல்லிட்டு வாங்க. எத்தனை டீம் கடைசி நாள் பரீட்சை லீவுன்னு அப்படியே காணாமப் போயிடுது தெரியுமா, அம்மா அடுத்த மாசமும் டீ போட்டு வச்சுட்டுக் காத்திருப்பாங்க. கடைசி விசிட்டுக்கு முந்தின விசிட்லயே "அடுத்த தடவை வர்றதுதான் கடைசி"ன்னு சொல்லுங்க. ஒரே ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதுங்க: என்ன நோய், என்ன மாத்திரை, எப்ப பயப்படணும், யாருக்குப் போன் பண்ணணும். உங்க சொந்த நம்பரைக் குடுக்காதீங்க, 104-ம் 108-ம் பெருசா எழுதுங்க, பிஎச்சில சுகர் பாக்குற நாள் எதுன்னு போடுங்க. அதோட ஒரு காப்பியை வில்லேஜ் ஹெல்த் நர்ஸ்கிட்ட கையில குடுத்து ஒவ்வொரு வீடாப் பேசிடுங்க, அடுத்த பேட்ச் டீமையும் முடிஞ்சா கூட்டிட்டுப் போய் நேர்ல அறிமுகம் பண்ணிடுங்க. அந்தப் பக்கத்தை எழுதறது டீம்ல எந்தக் கோர்ஸ்னு கேக்காதீங்க, யாரோட கையெழுத்து நல்லா இருக்கோ அவங்க எழுதட்டும், மெடிக்கோக்களைத் தயவுசெஞ்சு விட்டுடுங்க.